லினக்ஸுக்கு மாறினால், காசு கொடுத்து வாங்கிய செஸ் மென்பொருள் என்னவாகும்?

கோத்தகிரியில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லித்தரும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவரிடம் ஆறு பழைய மடிக்கணினிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 4 ஜிபி ராம். விண்டோஸ் 10-க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்பு 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 இந்தக் கணினிகளில் ஏறாது. அதனால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறார். ஆனால் ஆட்டங்களைச் சேர்த்துவைத்துத் தேட உதவும் செஸ்பேஸ், கணினியோடு ஆடுவதற்கான ஒரு பழைய ஃபிரிட்ஸ், சில பாட டிவிடிகள் எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை. காய் நகர்த்தலைக் கணினிக்கு அனுப்பும் டிஜிடி மின்பலகை ஒன்றும் இருக்கிறது. கணினிக் கடையில் "லினக்ஸில் அதெல்லாம் ஓடாது" என்கிறார்களாம். இணையத்தில் "வைன் போட்டால் எல்லாம் ஓடும்" என்கிறார்களாம் (வைன் என்பது விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்கும் ஓர் இடையடுக்கு). எது சரி, இந்த நிறுவனங்கள் ஏன் லினக்ஸுக்கென்று ஒரு பதிப்பு தருவதில்லை என்று கேட்கிறார்.

ஓடுமா ஓடாதா என்று கேட்டிருந்தாலும், அவருக்குத் தெரிய வேண்டியது போட்ட பணத்தில் எவ்வளவு மிஞ்சும் என்பதுதான். அதற்கு செஸ் மென்பொருளை மூன்றாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். நிலையை அலசி மதிப்பெண் சொல்வது இன்ஜின். பலகை, நகர்த்தல் பட்டியல், தேடல் எல்லாவற்றையும் கண்ணுக்குக் காட்டுவது முகப்பு. ஆட்டங்களும், நீங்கள் வருடக்கணக்கில் எழுதிவைத்த குறிப்புகளும் தரவு. இன்ஜின் லினக்ஸுக்குச் சுலபமாக வந்துவிடும். தரவும் பெரும்பாலும் வரும், ஆனால் விண்டோஸ் உயிரோடு இருக்கும்போதே அதை எடுத்துவைக்க வேண்டும். முரண்டு பிடிப்பது முகப்பு மட்டும்தான். கடைக்காரர் முகப்பை மனதில் வைத்துப் பேசுகிறார், இணையத்தில் சொல்பவர்கள் இன்ஜினை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

இன்ஜின் ஏன் சுலபம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அதிலிருந்து புரியும். 2000-இல் ரூடால்ஃப் ஹூபரும், ஷ்ரெடர் இன்ஜினை எழுதிய ஸ்டெஃபான் மேயர்-காலனும் சேர்ந்து யுசிஐ என்ற பேச்சுமுறையை வகுத்தார்கள். முகப்பு "யுசிஐ" என்று ஒரு வரி அனுப்பும். இன்ஜின் தன் பெயரையும் தன்னிடம் உள்ள அமைப்புகளையும் வரிசையாகச் சொல்லி, "யுசிஐஓகே" என்று முடிக்கும். "இஸ்ரெடி" என்று கேட்டால் "ரெடிஓகே" என்று பதில் வரும். பிறகு ஈ2ஈ4 என்பதுபோல நகர்த்தல்களை அனுப்பி "கோ" என்றால், யோசித்துவிட்டு "பெஸ்ட்மூவ்" என்று ஒரு வரி திரும்பி வரும். இவ்வளவுதான். இதில் சன்னல் இல்லை, மவுஸ் இல்லை, படம் இல்லை. வெறும் எழுத்து வரிகள். ஆகவே ஒரே மூல நிரலை விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தொகுப்பது பெரிய வேலையே இல்லை. இலவச இன்ஜினான ஸ்டாக்ஃபிஷ் இரண்டுக்கும் வருகிறது. காசுக்கு விற்ற கொமோடோ, கொமோடோ டிராகன் தொகுப்புகளிலும் லினக்ஸ் கோப்பு கூடவே இருக்கும். ஷ்ரெடரை அதன் சொந்த முகப்போடேயே லினக்ஸுக்கு விற்றார்கள். "காசுக்கு விற்கும் செஸ் மென்பொருள் லினக்ஸில் கிடையாது" என்பது அதனால் உண்மையில்லை.

செஸ்பேஸின் கதை வேறு. ஹாம்பர்க் நகரத்து நிறுவனம் அது, அதன் முதல் மென்பொருள் 1980களில் அட்டாரி எஸ்டி கணினியில் ஓடியது. விண்டோஸுக்கு வந்தபின் பல பத்தாண்டுகளாக அதன்மேலேயே கட்டிக்கொண்டு போனார்கள். சன்னல்கள், எழுத்துருக்கள், அச்சிடுதல் எல்லாம் விண்டோஸின் வசதிகள். முப்பரிமாணப் பலகைக்கு டைரக்ட்எக்ஸ், பாட வீடியோவுக்கு விண்டோஸ் மீடியா. இதை லினக்ஸுக்குக் கொண்டுவருவதென்றால் மொழிபெயர்ப்பது போதாது, முகப்பைப் புதிதாகவே எழுத வேண்டும். லினக்ஸில் வாங்குபவர்கள் குறைவு, லினக்ஸ் வகைகளோ ஏராளம். கணக்குப் பார்க்கும் நிறுவனம் இறங்காது என்பது என் கணிப்பு. அவர்கள் தேர்ந்தெடுத்த வழி உலாவி. செஸ்பேஸ் கணக்கு ஒன்று இருந்தால் ஆன்லைன் டேட்டாபேஸ், பிளேசெஸ், தந்திரப் பயிற்சி ஆகியவை ஃபயர்ஃபாக்ஸிலோ குரோமிலோ திறக்கும், லினக்ஸிலும் அதேபோலத்தான். மலையில் இணையம் நிற்காமல் வரும் இடத்தில் இருப்பவருக்கு அதுவே பாதிப் பிரச்சினையைத் தீர்த்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம். விண்டோஸை அழிக்கும் முன் செய்ய வேண்டியதுதான் இந்தப் பதிலிலேயே முக்கியமான பகுதி. செஸ்பேஸின் டேட்டாபேஸ் ஒற்றைக் கோப்பு அல்ல. சிபிஎச் என்று முடியும் கோப்பில் ஆட்டங்களின் தலைப்பு விவரம் மட்டுமே இருக்கும். நகர்த்தல்கள் சிபிஜி கோப்பில், குறிப்புகள் சிபிஏ-யில், ஆட்டக்காரர் பெயர்கள் சிபிபி-யில், போட்டிகளின் பெயர்கள் சிபிடி-யில். எல்லாம் ஒரே பெயரில், வேறு வேறு முடிவோடு ஒரே ஃபோல்டரில் கிடக்கும். சிபிஎச் கோப்பை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு விண்டோஸை அழித்துவிட்டுப் பின் தலையில் கைவைத்தவர்கள் உண்டு. எனவே ஒவ்வொரு டேட்டாபேஸையும் செஸ்பேஸுக்குள்ளிருந்தே சிபிவி என்ற ஒற்றைக் கோப்பாகக் கட்டி ஒரு பிரதி வையுங்கள். செஸ்பேஸ் 17-இலிருந்து 2சிபிஎச் என்று புது வடிவமும் சேர்ந்திருக்கிறது, அதற்கும் இதே கவனம் வேண்டும். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் ஆவணங்கள் ஃபோல்டருக்குள் செஸ்பேஸ் என்ற பெயரில் இருக்கும். அந்த ஃபோல்டரையே முழுசாக ஒருமுறை நகலெடுத்துவிடுவது நல்லது.

சிபிவி காப்புப் பிரதிக்குத்தான். லினக்ஸில் படிக்க பிஜிஎன் வேண்டும். 1990களின் முற்பாதியில் ஸ்டீவன் எட்வர்ட்ஸ் வகுத்த வெறும் எழுத்து வடிவம் இது. எந்த மென்பொருளும் படிக்கும். செஸ்பேஸில் ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்து பிஜிஎன்-ஆக ஏற்றுமதி செய்தால் நகர்த்தல்கள், கிளை வரிசைகள், நீங்கள் எழுதிய உரை, நல்ல நகர்த்தல் மோசமான நகர்த்தல் குறிகள் எல்லாம் பத்திரமாக வரும். நிறம் தீட்டிய கட்டங்களும் அம்புகளும் சிஎஸ்எல், சிஏஎல் என்ற குறிச்சொற்களாக உரைக்குள் பதிந்துவரும். லிசெஸ் என்ற இலவசச் செஸ் தளம் அவற்றை மறுபடியும் அம்பாகவே காட்டும், மற்ற மென்பொருள்களில் அது பதிப்பைப் பொறுத்தது. பிள்ளைகளுக்கென்று நீங்கள் வைத்த பயிற்சிக் கேள்விகள் டிகியூயு என்ற குறிச்சொல்லாக வெளியே வரும். கேள்வியின் வாசகம் இருக்கும், ஆனால் கேள்வியாக இயங்காது. ஒலி, வீடியோ இணைப்புகள் வராது. ஆகவே மொத்தத்தையும் ஏற்றுமதி செய்யும் முன், அம்பும் கிளையும் கேள்வியும் நிறைந்த இருபது ஆட்டங்களை மட்டும் எடுத்து, லினக்ஸ் போட்ட ஒரு கணினியில் திறந்து பாருங்கள். எதை இழக்கிறீர்கள் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இதில் மூன்று இடங்களில் இடறுவார்கள். முதலாவது பென்டிரைவ். குறிப்பு இல்லாத ஆட்டம் பிஜிஎன்-இல் ஏறக்குறைய முக்கால் கேபி வரும். பத்து லட்சம் ஆட்டம் முக்கால் ஜிபி. புதிய மெகா டேட்டாபேஸில் 1 கோடிக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அதை ஒரே பிஜிஎன்-ஆக எழுதினால் 4 ஜிபியைத் தாண்டும். ஃபேட்32 வடிவில் உள்ள பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபிக்கு மேல் போகவே முடியாது, பாதியில் நின்றுவிடும். எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள், அல்லது ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதுங்கள். உண்மையில் வகுப்புக்கு ஒரு கோடி ஆட்டம் தேவையில்லை. இரண்டு பேருக்கும் 2300-க்கு மேல் ரேட்டிங் உள்ள கடந்த இருபது வருட ஆட்டங்களை மட்டும் வடிகட்டி எடுத்தால், ஓப்பனிங் சொல்லித்தர அது தாராளம், பழைய கணினியும் திணறாது. இரண்டாவது எழுத்துக் குறியாக்கம். ஏற்றுமதியின்போது யுடிஎஃப்-8 என்ற வாய்ப்பு இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் ஐரோப்பியப் பெயர்களில் புள்ளி வைத்த எழுத்துகள் குதறிப்போகும். ஏற்கெனவே குதறிய கோப்பை லினக்ஸில் ஐகான்வி என்ற கட்டளையால், சிபி1252-இலிருந்து யுடிஎஃப்-8-க்கு மாற்றிச் சரிசெய்யலாம். மூன்றாவது இரட்டிப்பு. பல டேட்டாபேஸ்களைச் சேர்க்கும்போது ஒரே ஆட்டம் மூன்று நான்கு முறை நுழைந்துவிடும். டேவிட் பார்ன்ஸ் எழுதிய பிஜிஎன்-எக்ஸ்ட்ராக்ட் என்ற சிறு கருவி, பெரிய டி என்ற ஒரு விருப்பத்தைக் கொடுத்தால் இரட்டிப்பை வடிகட்டித் தரும்.

கொண்டுவரவே முடியாதவை இரண்டு. சிடிஜி என்ற செஸ்பேஸ் ஓப்பனிங் புத்தகம் அதன் சொந்த வடிவம். அதை மாற்றப் போராடுவதைவிட, உங்கள் பிஜிஎன்-இலிருந்து பாலிகிளாட் என்ற கருவியால் புதுப் புத்தகம் செய்துகொள்வது சுருக்கம். இரண்டாவது, ஃபிரிட்ஸ் 13 வரையிலான பழைய ஃபிரிட்ஸ் இன்ஜின்கள். அவை யுசிஐ பேசாது, ஃபிரிட்ஸின் முகப்போடு மட்டுமே பேசும். உங்கள் பழைய ஃபிரிட்ஸ் அந்தக் காலத்தது என்றால், அதன் இன்ஜினைத் தனியே பிரித்து எடுத்து லினக்ஸ் முகப்பில் பொருத்த வழியில்லை. பலம் என்று பார்த்தால் இன்றைய இலவச ஸ்டாக்ஃபிஷ் அதைவிடப் பல மடங்கு மேல் என்பதால் அதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

யுசிஐ பேசும், ஆனால் விண்டோஸ் கோப்பாக மட்டுமே வந்த ஹூடினி, ரிப்கா போன்றவற்றுக்கு நல்ல வழி இருக்கிறது. முகப்பு லினக்ஸுடையது, இன்ஜின் மட்டும் வைன் வழியாக. இரண்டே வரியுள்ள ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினால் போதும். முதல் வரி, இது ஷெல் ஸ்கிரிப்ட் என்று சொல்லும் வழக்கமான வரி. இரண்டாவது வரியில் வைன்டீபக் என்ற மாறிக்கு "மைனஸ் ஆல்" என்று மதிப்புக் கொடுத்து, அதன் பின்னால் எக்ஸெக், வைன், இன்ஜின் கோப்பின் முழுப் பாதை. அந்த மாறியைக் கொடுக்காவிட்டால் வைன் தன் எச்சரிக்கைகளை வரிவரியாகக் கொட்டும், சில முகப்புகள் அதையும் இன்ஜினின் பேச்சு என்று எடுத்துக்கொண்டு குழம்பும். கோப்புக்கு இயக்க அனுமதி கொடுத்துவிட்டு, ஸ்கிட் வெர்சஸ் பிசி என்ற இலவச லினக்ஸ் முகப்பில் இன்ஜின் சேர்க்கும் இடத்தில் இந்த ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுங்கள். வேகம் குறையுமோ என்று பயப்பட வேண்டாம். வைன் வேறொரு கணினியைப் போலி செய்வதில்லை. இன்ஜினின் கணக்குகள் நேராக உங்கள் பிராசஸரிலேயே ஓடுகின்றன. முகப்பு வரைவதில்தான் வைனின் சுமை தெரியும்.

பழைய கணினியில் இன்ஜின் சத்தமே இல்லாமல் செத்துப்போகும் ஒரு காரணத்தைத் தனியே சொல்ல வேண்டும். ஸ்டாக்ஃபிஷ் ஒரே பதிப்பாக வருவதில்லை. ஏவிஎக்ஸ்2, பிஎம்ஐ2, எஸ்எஸ்இ4.1-பாப்கவுண்ட் என்று பிராசஸரின் கட்டளைத் தொகுதிக்கு ஏற்பத் தனித்தனிக் கோப்புகள். 2013-க்கு முந்தைய இன்டெல் பிராசஸர்களிலும், அதற்குப் பிறகு வந்த பல செலரான், பென்டியம்களிலும் ஏவிஎக்ஸ்2 கிடையாது. அதில் ஏவிஎக்ஸ்2 கோப்பைப் போட்டால் முதல் கணக்கிலேயே "தவறான கட்டளை" என்று முறிந்துவிடும். முகப்பில் உங்களுக்குத் தெரிவதெல்லாம் இன்ஜின் பதில் சொல்லவில்லை என்பது மட்டும். டெர்மினலில் எல்எஸ்சிபியு என்று அடித்து, ஃபிளாக்ஸ் (கொடிகள்) என்ற நீண்ட வரியில் என்னென்ன பெயர்கள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு அதற்கேற்ற கோப்பை எடுங்கள். 4 ஜிபி ராமில் ஹாஷ், அதாவது இன்ஜின் தன் கணக்குகளை நினைவில் வைக்கும் இடம், 512 எம்பிக்கு மேல் வேண்டாம்; இரண்டு திரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு கணக்கு வரிசை, போதும். ஹாஷை 2 ஜிபி என்று கொடுத்தால் நினைவகம் வழிந்து ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும். அப்போது கணினி உறைந்ததுபோல் நிற்கும். சில காய்களே மிஞ்சும் எண்ட்கேமுக்கு, முடிவுகளை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும் சிசிஜி கோப்புகளில் ஐந்து காய் வரை உள்ளவை மொத்தமே 1 ஜிபி அளவுதான், வகுப்புக்கு அது போதும். ஆறு காய் ஏறக்குறைய 150 ஜிபி. பாதையைக் கொடுக்கும்போது ஒரு நுணுக்கம்: இரண்டு ஃபோல்டர்களைக் குறிப்பிட்டால் லினக்ஸ் இன்ஜினில் நடுவே முக்காற்புள்ளி, விண்டோஸ் இன்ஜினில் அரைப்புள்ளி. வைன் வழியே ஓடுவதும் விண்டோஸ் இன்ஜின்தான், அதற்கு அரைப்புள்ளியே.

இப்போது முகப்பு. செஸ்பேஸையும் ஃபிரிட்ஸையும் வைனில் ஏற்ற முடியுமா? பழைய 32-பிட் ஃபிரிட்ஸ்கள் பொதுவாக இணங்கும். புதிய செஸ்பேஸ் ஏறினாலும் எல்லா மூலையும் வேலை செய்யும் என்று உறுதி தர முடியாது. டேட்டாபேஸ் திறப்பது, தேடுவது, இன்ஜின் ஓட்டுவது ஒருபக்கம்; வீடியோ, முப்பரிமாணப் பலகை, மேகக் கணக்கு, உள்ளேயே உலாவியாகத் திறக்கும் பக்கங்கள் இன்னொரு பக்கம். தகராறு வருவதெல்லாம் இந்த இரண்டாவது கூட்டத்தில். எந்தப் பதிப்பு என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் வைன் தளத்தின் மென்பொருள் பட்டியலில் உங்கள் பதிப்பைத் தேடுங்கள். பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ், கார்பேஜ் என்று மதிப்பிட்டிருப்பார்கள். மதிப்பைவிட முக்கியம், சோதித்த தேதியும் வைன் பதிப்பும். ஐந்து வருடத்துக்கு முந்தைய பிளாட்டினத்தை நம்பிப் பணம் போடாதீர்கள்.

ஏற்றும்போது ஒழுங்கு முக்கியம். வைனை ஒருபோதும் சூடோ கொடுத்து, அதாவது நிர்வாகி உரிமையோடு, ஓட்டாதீர்கள். கோப்புகளெல்லாம் ரூட் என்ற நிர்வாகியின் கைக்குப் போய் அடுத்தமுறை திறக்காது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி வைன்பிரிஃபிக்ஸ், அதாவது தனியாக ஒரு போலி சி டிரைவ், வையுங்கள். ஒன்று கெட்டால் அந்த ஃபோல்டரை மட்டும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பழைய ஃபிரிட்ஸுக்கு 32-பிட் பிரிஃபிக்ஸ் வேண்டும். அதை உருவாக்கும் முதல் தடவையிலேயே வைன்ஆர்க் என்ற மாறியில் வின்32 என்று சொல்லிவிட வேண்டும், பிறகு மாற்ற முடியாது. முதல் ஓட்டத்தில் மோனோ, கெக்கோ என்ற துணைத் தொகுப்புகள் இரண்டையும் இறக்கட்டுமா என்று கேட்கும், சம்மதியுங்கள். அடுத்து, வைனுக்கு வேண்டிய துணை நூலகங்களைப் போட்டுத்தரும் வைன்ட்ரிக்ஸ் வழியாகக் கோர்ஃபாண்ட்ஸ், ஜிடிஐபிளஸ், மென்பொருளின் வயதுக்கேற்ற விசுவல் சி++ நூலகம் ஆகியவற்றைப் போடுங்கள். வைனின் அமைப்புச் சன்னலான வைன்சிஎஃப்ஜி-யில் பழையதற்கு விண்டோஸ் 7, புதியதற்கு விண்டோஸ் 10 என்று வையுங்கள். அதற்குப் பிறகே செட்டப்பை ஓட்டுங்கள். டிஎக்ஸ்விகே என்ற கிராஃபிக்ஸ் அடுக்கைப் போடச் சொல்லிப் பலர் எழுதுவார்கள். அதற்கு வல்கன் வேண்டும், பழைய இன்டெல் கிராஃபிக்ஸில் அது சரியாக இருக்காது, போட்டால் கறுப்புத் திரைதான். முப்பரிமாணப் பலகையை மறந்துவிட்டுத் தட்டைப் பலகையிலேயே இருங்கள்.

எல்லாம் ஏறி ஆட்டமும் திறந்தபின், நகர்த்தல் பட்டியலில் ராணி நிற்க வேண்டிய இடத்தில் பவுண்டு நாணயக் குறி நிற்கும். குதிரைக்கும் மந்திரிக்கும் யென் போன்ற வேறு நாணயக் குறிகள். பார்த்தவுடன் டேட்டாபேஸ் கெட்டுவிட்டது என்று நினைத்துவிடுவார்கள். டேட்டாபேஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. செஸ்பேஸின் ஃபிகரின் எழுத்துருக்களில் அந்த நாணயக் குறிகளின் இடத்தில்தான் காய்ப் படங்களை வரைந்துவைத்திருக்கிறார்கள். எழுத்துரு கிடைக்காதபோது அடியில் இருக்கும் குறி வெளியே தெரிகிறது. ஃபிகரின்சிபி என்று தொடங்கும் எழுத்துருக்களையும், டயகிராம்டிடி என்று தொடங்குபவற்றையும் பழைய விண்டோஸின் எழுத்துரு ஃபோல்டரிலிருந்து எடுத்து, பிரிஃபிக்ஸுக்குள் இருக்கும் விண்டோஸ் எழுத்துரு ஃபோல்டரில் போட்டுவிட்டுத் திறந்தால் காய்கள் திரும்பிவிடும். விண்டோஸை அழிக்கும் முன் இந்த எழுத்துருக்களையும் எடுத்துவைக்க மறக்காதீர்கள்.

உரிமச் செயலாக்கத்தைப் பற்றி எச்சரிக்க வேண்டும். வரிசை எண்ணை எத்தனை முறை செயலாக்கலாம் என்பதற்கு எல்லை உண்டு. வைன் பிரிஃபிக்ஸை அழித்துப் புதிதாக உருவாக்கினால் அதை வேறு கணினி என்று எடுத்துக்கொள்ளக்கூடும். இது பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆகவே விண்டோஸில் செயலாக்கத்தை விலக்கிக்கொள்ளும் வசதி உங்கள் பதிப்பில் இருந்தால், அழிக்கும் முன் அதைச் செய்யுங்கள். வைனில் முதலில் சோதனைப் பதிப்பையோ இலவச செஸ்பேஸ் ரீடரையோ ஏற்றிப் பாருங்கள். அது நின்றால் மட்டும் வரிசை எண்ணைச் செலவழியுங்கள். செயலாக்கம் ஒத்துழைக்கவில்லை என்று உடைத்த பிரதியைத் தேடிப் போகாதீர்கள். பிள்ளைகள் பயன்படுத்தும் கணினியில் யாரோ திருத்திய கோப்பை ஏற்றுவது ஆபத்து. காசு கொடுத்து வாங்கும் இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது என்றும் பார்த்து வாங்குங்கள். ஃபேட் ஃபிரிட்ஸ் 2, ஹூடினி 6 ஆகியவற்றில் தங்கள் நிரல் இருப்பதாகச் சொல்லி ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் 2021-இல் செஸ்பேஸ் மீது வழக்குப் போட்டு, 2022 நவம்பரில் அது சமரசத்தில் முடிந்தது. இலவசமாகக் கிடைப்பதற்குப் பணம் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

மெய்நிகர் கணினி, அதாவது லினக்ஸுக்குள் மென்பொருளாகவே ஓடும் ஒரு போலிக் கணினி, வைத்து அதற்குள் விண்டோஸ் ஓட்டுவது தொழில்நுட்பத்தில் வைனைவிட நிச்சயமான வழி. ஆனால் 4 ஜிபி ராமில் அதை முயல வேண்டாம். உள்ளே இருக்கும் விண்டோஸுக்கே 4 ஜிபி கொடுத்தால்தான் செஸ்பேஸ் நகரும், மொத்தம் 8 ஜிபியாவது வேண்டும். விண்டோஸ் உரிமமும் தனி.

டிஜிடி பலகை லினக்ஸில் சீரியல் சாதனமாகத் தெரியும். செருகியவுடன் டெவ் ஃபோல்டரில் டிடிஒய்யுஎஸ்பி0 அல்லது டிடிஒய்ஏசிஎம்0 என்று முளைக்கும். "அனுமதி இல்லை" என்று வந்தால் உங்கள் பயனர் பெயரை டயலவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்நுழையுங்கள். வெறுமனே சன்னலை மூடித் திறந்தால் போதாது. வைனுக்குள் இருக்கும் மென்பொருளுக்கு அது காம் போர்ட்டாகத் தெரிய வேண்டும். வைன் தானாகவே யுஎஸ்பி சீரியல்களுக்கு 33-இலிருந்து எண் கொடுக்கும், பழைய ஃபிரிட்ஸ்களில் அவ்வளவு பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்க இடம் இருக்காது. பிரிஃபிக்ஸுக்குள் டாஸ்டிவைசஸ் ஃபோல்டரில் காம்1 என்ற பெயரை அந்த டெவ் கோப்புக்குச் சுட்டிக்காட்டும்படி செய்யலாம். அதுவும் அடுத்த ஓட்டத்தில் மாறிவிட்டால், பதிவேட்டில் வைன் பகுதியின் போர்ட்ஸ் என்ற இடத்தில் எழுதிவைத்தால் நிலைக்கும். சிஎச்340 சில்லு வைத்த மலிவுப் பலகைகள் உபுண்டு 22.04, மின்ட் 21 ஆகியவற்றில் செருகிய உடனே மறைந்துபோகும். பிஆர்எல்டிடிஒய் என்ற பிரெயில் சேவை அதைப் பிடுங்கிக்கொள்வதே காரணம். பிரெயில் கருவி யாரும் பயன்படுத்தாத கணினி என்றால் அந்தத் தொகுப்பை நீக்கிவிட்டால் போதும்.

பாட டிவிடிகளில் பழையவற்றின் வீடியோ டபிள்யூஎம்வி கோப்புகள். விஎல்சி-யில் படமும் குரலும் ஓடும், ஆனால் பேச்சோடு சேர்ந்து நகரும் பலகை வராது. பக்கத்தில் ஸ்கிட்டைத் திறந்துவைத்து, அந்த டிவிடியின் ஆட்டங்களை பிஜிஎன்-ஆக ஏற்றிக்கொண்டு நீங்களே நகர்த்திக் காட்டலாம். வகுப்புக்கு அது மோசமில்லை, நடுவில் நிறுத்தி "இங்கே கறுப்பு என்ன செய்யும்?" என்று கேட்க இடம் கிடைக்கும்.

போட்டி நடத்துபவரா நீங்கள் என்று தெரியவில்லை. நடத்துபவர் என்றால் ஜோடி சேர்க்கும் கணினியில் மட்டும் இந்தப் பரிசோதனை வேண்டாம். நம் ஊர்ப் போட்டிகளில் பெரும்பாலும் ஓடும் ஸ்விஸ்-மேனேஜர் விண்டோஸ் மென்பொருள், அதிலிருந்தே செஸ்-ரிசல்ட்ஸ் தளத்துக்கு முடிவுகளை ஏற்றுகிறார்கள். வேகா என்ற மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பு உண்டு, ஆனால் நடுவர் எதில் பழகியவரோ அதுதான் அன்றைக்குச் சரி.

ஆறு கணினிகளை நான் பங்கிடுவதென்றால், நல்ல நிலையில் உள்ள ஒன்றில் விண்டோஸை வைத்தபடியே, டிஸ்க்கில் இடத்தைச் சுருக்கிப் பக்கத்தில் மின்ட் போடுவேன். செஸ்பேஸ், ஃபிரிட்ஸ், ஸ்விஸ்-மேனேஜர் எல்லாம் அந்த விண்டோஸில் இருக்கட்டும். வேலை இருக்கும்போது மட்டும் திறந்து, வங்கி, மின்னஞ்சல் எதையும் அதில் தொடாமல் இருந்தால் போதும். அந்த விண்டோஸில் வேகத் தொடக்கம் என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியில் எழுத முடியாது. மற்ற ஐந்திலும் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, ஸ்கிட் வெர்சஸ் பிசி, பொருத்தமான ஸ்டாக்ஃபிஷ், நீங்கள் வடிகட்டிய ஆட்டங்கள், ஐந்து காய் சிசிஜி. மின்ட் கோப்பே 3 ஜிபிக்குப் பக்கம். ஒருமுறை மேட்டுப்பாளையமோ கோயம்புத்தூரோ இறங்கும்போது எல்லாவற்றையும் ஒரே பென்டிரைவில் இறக்கிக்கொண்டு வந்தால், மேலே இணையத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. புது ஆட்டங்களுக்கு மார்க் கிரவுத்தர் 1994-இலிருந்து வாராவாரம் வெளியிட்டுவரும் தி வீக் இன் செஸ் பிஜிஎன் கோப்பு சின்னதுதான், கைப்பேசி இணையத்திலேயே வந்துவிடும்.

பேட்டரி செத்த மடிக்கணினியில் பெரிய பிஜிஎன்-ஐ ஸ்கிட்டுக்கு மாற்றும்போது மின்சாரம் போனால் அந்த டேட்டாபேஸ் பாதியில் முறியும். மூல பிஜிஎன் பென்டிரைவில் இருக்கும்வரை கவலையில்லை, மறுபடி மாற்றிக்கொள்ளலாம். டிவிடிக்கு அந்த வசதி இல்லை. நம் மலையின் ஈரத்தில் உறைக்குள்ளேயே பூஞ்சை படர்ந்து, ஒருநாள் டிரைவ் அதைப் படிக்க மறுக்கும். அதனால் ஐப்பசி மழை பிடிக்கும் முன், உங்கள் டிவிடிகள் ஒவ்வொன்றையும் ஐஎஸ்ஓ பிரதியாக, அதாவது முழு வட்டையும் அடக்கிய ஒற்றைக் கோப்பாக, எடுத்து, உறையில் உள்ள வரிசை எண்ணைக் கைப்பேசியில் படம் பிடித்து, இரண்டையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். மின்ட் போடும் வேலையை அதற்குப் பிறகு தொடங்கலாம்.